ஹாரியின் லேசான தோட்டா

சில மாதங்களுக்கு முன் என் பழைய நாவல் ஒன்று இரண்டாம் பதிப்புக்குப் போயிற்று. அச்சுப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுங்கள் என்று சொல்லிப் பதிப்பாளர் புரூப்பை அனுப்பி வைத்தார். எழுத்துப் பிழை பார்க்க உட்கார்ந்தவன் வேறொரு விதமான பிழையில் போய் மாட்டிக்கொண்டேன். அந்தப் பிழையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சினிமாவைப் பற்றியும் கொஞ்சம் பேசப் போகிறேன். துப்பாக்கியைப் பற்றி அதைவிட அதிகமாகப் பேசப் போகிறேன். சாத்விகமான வாசகர்கள் பயப்பட வேண்டியதில்லை. இந்தக் கட்டுரை முடிகிற வரையில் யாரும் சாக மாட்டார்கள்.

அந்த நாவலில் கதாநாயகன் கலிபோர்னியாவில் வேலை பார்க்கிற எஞ்சினியர். மனைவியும் ஐந்து வயதுப் பெண் குழந்தையும் கூட இருக்கிறார்கள். ஒரு நாள் நடுராத்திரியில் திருடன் நுழைந்துவிடுகிறான். நாயகன் அலமாரியைத் திறந்து, நீளமான குழல் உள்ள .44 மாக்னம் ரிவால்வரை எடுக்கிறான். ஒரே ஒரு முறை சுடுகிறான். குறி தவறுகிறது. குண்டு ஹால் சுவரில் போய்ப் பதிகிறது. திருடன் தலைதெறிக்க ஓடுகிறான். நடுங்கிக்கொண்டு நிற்கும் மனைவியின் காதோரமாக நாயகன், "பயப்படாதே" என்று மெல்லச் சொல்கிறான். அத்துடன் அத்தியாயம் முடிகிறது.

இதை எழுதியபோது எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது. தொடர்கதையாக வந்த சமயம் அந்த வாரம் வந்த கடிதங்களும் அப்படித்தான் சொல்லின. ஒருவர் மட்டும் கடிதம் எழுதாமல், புத்தகம் வெளிவந்த பிறகு அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். முப்பது வருஷம் கலிபோர்னியாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்று எங்கள் பேட்டைக்கு வந்து குடியேறியவர். அங்கே துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றில் பல வருஷம் அங்கத்தினராக இருந்தவராம். காப்பியைக் குடித்துவிட்டு, அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார்.

"சார், இந்தக் குண்டு எந்தச் சுவரில் பதிந்தது?"

"ஹால் சுவரில்தான். எழுதியிருக்கிறேனே!"

"அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் படுத்திருந்தார்கள்?"

எனக்கு ஞாபகம் இல்லை. அவருக்கு இருந்தது. மூன்றாம் அத்தியாயத்தில், ஹாலை ஒட்டிக் குழந்தையின் படுக்கையறை என்று நானே எழுதியிருந்தேன்.

"அங்கே வீட்டுக்குள் தடுப்புச் சுவர் என்றால் செங்கல் இல்லை சார். பதினாறு அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம் நிறுத்தி, இரண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை அடித்திருப்பார்கள். ஓங்கிக் குத்தினாலே ஓட்டை விழும். .44 மாக்னம் குண்டு அதில் பதியாது. உங்கள் குழந்தை பதினாலாம் அத்தியாயத்தில் பள்ளிக்கூடம் போகிறது. எப்படிப் போகிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை."

நான் திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவன். சுவர் என்றால் எனக்குச் செங்கலும் சுண்ணாம்பும்தான். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். அந்தச் சுவரைத் தூக்கிக்கொண்டுபோய்க் கலிபோர்னியாவில் வைத்துவிட்டேன். இது ஒன்று. அவர் இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்டார். அதுதான் என்னை இன்னும் சங்கடப்படுத்தியது.

"ரிவால்வரில் அவன் என்ன தோட்டா போட்டு வைத்திருந்தான்?"

ரிவால்வர் தோட்டாதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

இதற்குப் பிறகு நான் கொஞ்சம் படித்தேன். கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்தவன் என்ற தைரியத்தில் சில கணக்குகளையும் போட்டுப் பார்த்தேன். வாசகர்களுக்கு விருப்பமில்லாவிட்டால் அடுத்த நாலைந்து பாராக்களைத் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டினால் பின்னால் சினிமாவைப் பற்றி நான் சொல்லப் போவது விளங்காது.

மாக்னம் என்பது பெரிய ஷாம்பெயின் பாட்டிலுக்கு வழங்கும் பெயர். வழக்கத்தைவிட அதிக மருந்து பிடிக்கும் தோட்டாவுக்கும் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி .357 மாக்னம் ரிவால்வரை வெளியிட்டது 1935-இல். கொள்ளைக்காரர்கள் மோட்டாரில் வந்து மோட்டாரில் ஓடிய காலம், போலீஸ்காரரின் பழைய.38 ஸ்பெஷல் குண்டு கார்த் தகட்டின் முன் திணறியது. அதே பருமனுள்ள குண்டை இன்னும் வேகமாகச் செலுத்த வேண்டியிருந்தது. பெயரில் .38 என்றும் .357 என்றும் இருந்தாலும் இரண்டு குண்டுக்கும் பருமன் ஒன்றுதான் என்பது வேடிக்கை. வித்தியாசம் பித்தளைக் கூட்டின் நீளத்தில். பலமான புதுத் தோட்டாவை யாராவது தெரியாமல் பழைய ரிவால்வரில் போட்டுவிடக் கூடாதே என்று கூட்டை ஏறத்தாழ ஒரு நூல் நீளமாக்கினார்கள்.

.44 மாக்னத்தின் கதையும் இதுதான். இடாஹோ மாகாணத்தில் எல்மர் கீத் என்று ஒருவர். மாட்டுப் பண்ணை, வேட்டை, எழுத்து மூன்றிலும் கை வைத்தவர். பழைய .44 ஸ்பெஷல் தோட்டாவில் தாமே மருந்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டுச் சுட்டுப் பார்த்து, இந்த மாதிரி ஒன்றை முறையாகச் செய்து விற்கக் கூடாதா என்று வருஷக்கணக்காக எழுதிக்கொண்டே இருந்தார். ரெமிங்டன் கம்பெனி தோட்டாவையும் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி ரிவால்வரையும் செய்து, 1956-இல் அது கடைக்கு வந்தது. மானுக்கும் கரடிக்கும் செய்த கருவி. ஒருவன் தன் வீட்டு ஹாலில் நின்று சுடுவதற்காக யாரும் அதைச் செய்யவில்லை.

பழைய தோட்டா புது ரிவால்வரில் போகும். புதுத் தோட்டா பழைய ரிவால்வரில் போகாது. மாக்னம் ரிவால்வர் வைத்திருப்பவனுக்கு இதனால்தான் எதைப் போடுவது என்ற யோசனை வருகிறது. .44 மாக்னத்தின் சாதாரணமான 240 கிரெயின் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 1,400 அடி வேகத்தில் போகிறது. அதே ரிவால்வரில் பழைய பாணி .44 ஸ்பெஷலைப் போட்டால், கிட்டத்தட்ட அதே எடையுள்ள ஈயக் குண்டு 750 அடிச் சில்லறைதான் போகும். வேகம் இரட்டிப்புக்குச் சற்றுக் குறைவு. ஆனால் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரே ரிவால்வரில், ஒரே கையில்!

அப்படியானால் வீட்டில் வைத்திருப்பவன் எதைப் போட வேண்டும்? பெரியதைத்தான் போட வேண்டும் என்று கதாசிரியன் நினைக்கிறான். அனுபவஸ்தர்கள் பெரும்பாலும் அப்படி நினைப்பதில்லை. முழு மாக்னம் தோட்டா மூடின அறைக்குள் வெடித்தால் காது அடைத்துப்போகும். நிரந்தரமாகவே கெட்டுப்போகவும் கூடும். இருட்டில் குழல்வாயிலிருந்து எழும் ஜ்வாலையில் கண் கூசிவிடும். துப்பாக்கி உதைக்கிற உதையில் குழல் கூரையைப் பார்க்கும். அதை இறக்கி மறுபடியும் குறிபார்ப்பதற்குள் காரியம் கடந்துவிடும். என் நாயகன் சுட்டவுடன் மனைவியின் காதோரமாக மெல்லப் பேசினானே, அதை அவள் நிச்சயமாகக் கேட்டிருக்க மாட்டாள். அவனுக்கே கேட்டிருக்காது.

நீளக் குழலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குழல் நீண்டால் மருந்து குண்டைத் தள்ளுகிற நேரமும் நீளும்; வேகம் கூடும். முனையில் குழி வைத்த குண்டு உடம்புக்குள் போனதும் விரியும்படி செய்யப்பட்டது. ஆனால் ஒவ்வொரு குண்டும் இன்ன வேகத்துக்கு என்று அளவாகச் செய்யப்பட்டது. இரண்டங்குலக் குழலில் வேகம் போதாமல் விரியாமலே போகலாம். எட்டங்குலக் குழலில் வேகம் மிஞ்சினால் சீக்கிரமே விரிந்து, உடைந்து, போக வேண்டிய ஆழத்துக்குப் போகாமல் நின்றுவிடலாம். ஆகவே நீளக் குழல்காரனுக்கு நிதானமான தோட்டாவே போதும். அவனுடைய குழல் அதற்கு வேண்டிய வேகத்தைக் கொடுத்துவிடுகிறது. வேட்டைக்கென்று செய்த கெட்டிக் குண்டு விரியாமல் ஆளைத் துளைத்துக்கொண்டு அப்பாலும் போகும். நீளக் குழலுக்குக் கெடுதலும் உண்டு. இருட்டில் மூலை திரும்பும்போது ஆளுக்கு முன்னே குழல் போய் நிற்கும். எதிராளி எட்டிப் பிடிக்க வசதி.

ஆழம் என்றேன். 1986 ஏப்ரல் 11-ஆம் தேதி மயாமியில் எஃப்.பி.ஐ. ஏஜெண்டுகளுக்கும் இரண்டு கொள்ளைக்காரர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. கொள்ளைக்காரன் ஒருவனுக்கு ஆரம்பத்திலேயே பட்ட குண்டு இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுபோயிற்று. அதன் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். ஏஜெண்டுகளில் இருவர் மாண்டார்கள், ஐவர் காயமடைந்தார்கள். அதற்குப் பிறகுதான் எஃப்.பி.ஐ. ஜெலட்டின் பாளங்களில் சுட்டுப் பார்த்து, குண்டு குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும், 18-க்கு மேல் போகத் தேவையில்லை என்று அளவு வைத்தது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தச் சண்டையை முடித்தது, ஒரு கை செயலிழந்துபோன ஏஜெண்ட் மறு கையால் சுட்ட .357 மாக்னம் ரிவால்வர். அதில் போட்டிருந்தது மாக்னம் தோட்டா அல்ல; .38 ஸ்பெஷல்.

இனிச் சினிமாவுக்கு வரலாம்.

டான் சீகல் இயக்கிய 'டர்ட்டி ஹாரி' 1971-இல் வந்தது. கிளின்ட் ஈஸ்ட்வுட் சான்பிரான்சிஸ்கோ இன்ஸ்பெக்டர் ஹாரியாக நடித்தார். கையில் ஆறரை அங்குலக் குழல் கொண்ட .44 மாக்னம் ரிவால்வர். பட்டப்பகலில் பாங்கிக் கொள்ளைக்காரர்களைத் தெருவிலேயே சுட்டுச் சாய்த்துவிட்டு, அடிபட்டுக் கிடக்கிறவனிடம் வந்து தன் ரிவால்வரின் பெருமையைச் சொல்லி, இதில் குண்டு மிச்சமிருக்கிறதா இல்லையா என்று ஊகித்துப் பார்க்கச் சொல்கிறார். அந்த வசனம் உலகப் பிரசித்தம். எழுத்தாளன் என்ற முறையில் அந்த வசனத்தைவிட அதன் அடியில் ஓடுகிற கணக்கையே நான் ரசிக்கிறேன். ஆறு குழி உள்ள உருளை, ஆறு வெடி, எண்ணினவனுக்குப் பதில் தெரியும். படத்தின் முதல் பாகத்தில் ரிவால்வர் காலி. முடிவில் அதே கேள்வி வரும்போது காலி இல்லை. ஒரு சின்ன எண்ணிக்கையை வைத்துப் படத்தின் இரண்டு முனைகளையும் முடிந்துவிட்டார்கள்.

ஆனால் அந்தப் படத்தில் நம்முடைய கேள்விக்கு இடமே இல்லை. வாகனமும் ஜனங்களும் நிறைந்த தெருவில் கரடிக்குச் செய்த குண்டுகளை ஹாரி சுட்டுத் தள்ளுகிறார். சுடப்பட்டவனோடு அவை நின்றுவிடுகின்றன. என் நாவலின் ஹால் சுவரைப் போலவே அங்கேயும் ஏதோ ஒரு நல்ல சுவர் இருக்கிறது போலிருக்கிறது! பாலின் கேல் என்ற பிரசித்தி பெற்ற விமர்சகி அந்தப் படத்தைப் பாசிச மனப்பான்மை உள்ளது என்று சாடினார். அவர் சொன்னதில் ஓரளவு நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. சுடுகிறவன் நல்லவனாயிருந்தால் அவனுடைய குண்டும் நல்ல குண்டாகவே இருக்கும், கெட்டவனைத் தவிர வேறு யாரையும் தொடாது என்ற நம்பிக்கை அந்தப் படத்தின் எலும்பில் இருக்கிறது.

படம் வந்த பிறகு அந்த ரிவால்வருக்கு ஏகக் கிராக்கி ஏற்பட்டது. என் வீடு தேடி வந்த நண்பர் ஒரு கதை சொன்னார். அங்கே துப்பாக்கிக்காரர்கள் எல்லோரும் சொல்கிற கதைதானாம். இரண்டாங் கையாக ஒரு .44 மாக்னம் விலைக்கு வந்தால், கூடவே ஐம்பது தோட்டா கொண்ட பெட்டியும் வருமாம். பெட்டியில் நாற்பத்து நாலு மிச்சமிருக்குமாம். வாங்கினவன் ஆறு தோட்டா சுட்டுப் பார்த்தான், கை வலித்தது, விற்றுவிட்டான்!

இரண்டாவது படமான 'மாக்னம் ஃபோர்ஸ்' 1973-இல் வந்தது. டெட் போஸ்ட் இயக்கியது. ஜான் மிலியஸும் மைக்கேல் சிமினோவும் எழுதியது. படம் என்ற முறையில் முதலாவதற்கு ஈடாகாது. நீளம் அதிகம், நடுவில் அலுப்புத் தட்டுகிறது. ஆயினும் அதில் ஒரு காட்சி இருக்கிறது. சுடும் பயிற்சிக் கூடத்தில் இளம் போலீஸ்காரர்கள் ஹாரியைச் சூழ்ந்துகொள்கிறார்கள். அவர்களில் ஒருவன், அந்த .44-இல் என்ன தோட்டா போடுகிறீர்கள் என்று பக்தியோடு கேட்கிறான். முதல் படத்தைப் பார்த்தவர்கள் என்ன பதிலை எதிர்பார்ப்பார்கள்? ஹாரி, லேசான ஸ்பெஷல் போடுவதாகவும், இவ்வளவு பெரிய துப்பாக்கியில் அதனால் உதை குறைந்து கட்டுப்பாடு கிடைக்கிறது என்றும் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

ரசிகர்கள் இதை மன்னிக்கவே இல்லை. ஸ்பெஷல் என்றால் .44 ஸ்பெஷலா, அல்லது மருந்தைக் குறைத்துத் தானே அடைத்துக்கொண்ட மாக்னமா என்று இன்றும் வாதாடுகிறார்கள். ஹாரியின் மானத்தைக் காப்பாற்றுவதற்கான வாதம் அது! பாத்திர சிருஷ்டி என்ற வகையில் இரண்டு படங்களிலும் இதற்கு இணையான இடம் இல்லை என்பது என் கட்சி. ஒருவன் எந்தத் துப்பாக்கியை வைத்துக்கொள்கிறான் என்பதில் அவனுடைய ஆசை தெரிகிறது. அதற்குள் எதைப் போட்டிருக்கிறான் என்பதில்தான் அவனுடைய புத்தி தெரிகிறது. தெருவில் மிரட்டினவன் வேலைக்காரன்தான், வெறும் ஜம்பக்காரன் இல்லை என்று அந்த ஒரு பதிலில் நமக்கு விளங்கிவிடுகிறது.

அது மட்டும் இல்லை. கேள்வி கேட்கிற அந்த இளைஞர்கள்தான் கதையில் கொலைகாரர்கள். சட்டத்திலிருந்து தப்பினவர்களைத் தாங்களே சுட்டுக் கொல்கிற ரகசியக் கூட்டம். அவர்கள் கையில் .357 மாக்னம். அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. போட்டியன்று ஹாரி அவர்களில் ஒருவனுடைய ரிவால்வரை இரவல் வாங்கிச் சுட்டு, வேண்டுமென்றே ஒரு குண்டைக் கூடத்தின் மரத்தில் பதியவைத்து, பிற்பாடு அதைத் தோண்டியெடுத்து, கொலைக் குண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். முதல் படத்தில் எங்கே போயிற்றென்று யாரும் கேட்காத குண்டு, இரண்டாவது படத்தில் துப்புக் கொடுக்கிறது. பழைய விமானந்தாங்கிக் கப்பலில் நடக்கிற கடைசிச் சண்டையில் ஹாரியின் கையில் அந்தப் பெரிய ரிவால்வர் இல்லை. அதைப் பறித்துக்கொண்டுவிட்டார்கள். மாக்னத்தின் பெயரை வைத்த படம் மாக்னம் இல்லாமலே முடிகிறது. மிலியஸ் துப்பாக்கிப் பைத்தியம் என்று பெயரெடுத்தவர். பைத்தியம் இல்லாதவன் இந்தக் காட்சிகளை எழுதியிருக்க முடியாதென்று எனக்குத் தோன்றுகிறது.

ஆசிரியர்களைத் திருத்துகிற வாசகர்கள் எனக்கு மட்டும் வாய்த்தவர்கள் அல்ல. 1956-இல் கிளாஸ்கோவிலிருந்து ஜெஃப்ரி பூத்ராய்ட் என்பவர், ஜேம்ஸ் பாண்டின் சின்ன பெரெட்டா பெண்பிள்ளைகள் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி என்று இயான் ஃபிளெமிங்குக்கு எழுதினார். ஃபிளெமிங் கோபிக்கவில்லை. 1958-இல் வந்த 'டாக்டர் நோ' நாவலில் பாண்டுக்கு வேறு ஆயுதம் கொடுத்து, அதைக் கொடுக்கிற பாத்திரத்துக்கு மேஜர் பூத்ராய்ட் என்றே பெயரும் சூட்டினார். அப்படியும் ஒரு தவறு தங்கிவிட்டது. பூத்ராய்ட் ரிவால்வருக்குச் சிபாரிசு செய்த உறையை ஃபிளெமிங் வால்தர் பிஸ்டலுக்குப் போட்டுவிட்டார். உருளையைப் பிடித்து நிறுத்துகிற உறை அது. பிஸ்டலுக்கு ஏது உருளை? பாண்ட் இரண்டு தரம் குதித்திருந்தால் துப்பாக்கி கீழே விழுந்திருக்கும்.

நம்மவர்களை ரொம்பக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் ஊரில் லைசென்ஸ் வாங்கினவர் கையிலேயே கான்பூர்த் தொழிற்சாலையின் .32 ரிவால்வர்தான் பெரும்பாலும் இருக்கும். எழுத்தாளன் அதையும் தொட்டுப் பார்த்திருக்க மாட்டான். சினிமாவில் பார்த்ததை எழுதுகிறான். நானும் முதல் படத்தைப் பார்த்துவிட்டு எழுதினேன். இரண்டாவதை அப்போது பார்த்திருக்கவில்லை.

இப்போது புரூப்புக்கு வருகிறேன். முதலில் சுலபமான வழியைத்தான் தேடினேன். மாக்னத்தை எடுத்துவிட்டு .44 ஸ்பெஷல், முனையில் குழி வைத்த குண்டு என்று ஒரு வரி எழுதினேன். சாமர்த்தியமாக இருந்தது. நண்பருக்கு டெலிபோன் செய்து படித்துக் காட்டினேன்.

"தோட்டா சரியாக இருக்கிறது சார். சுவர்தான் அப்படியே இருக்கிறது" என்றார்.

ஆளைத் தடுத்து நிறுத்தப் போதுமான எந்தக் குண்டும் ஜிப்சம் பலகையைத் துளைத்துக்கொண்டு போகுமாம். முனைக் குழியில் ஜிப்சம் தூள் அடைத்துக்கொண்டால் சில சமயம் விரியக்கூட விரியாதாம். லேசான தோட்டாவினால் உதை குறையும், சத்தம் குறையும், குறி தப்பாதிருக்கக் கொஞ்சம் கூடுதல் சந்தர்ப்பம் கிடைக்கும். தப்பிவிட்டால், தப்பினதுதான். என் கதையில் குறி தப்ப வேண்டும். தப்பாவிட்டால் மிச்சக் கதையே இல்லை.

இரண்டு நாள் அந்தக் காட்சியோடு மல்லாடினேன். கடைசியில் வெடிச்சத்தத்தையே எடுத்துவிட்டேன். புதிய பதிப்பில் நாயகன் ரிவால்வரை எடுக்கிறான். திருடனின் நிழல் ஹாலில் நகர்கிறது. நிழலுக்குப் பின்னால் சுவர். சுவரில் குழந்தை கிரேயான் பென்சிலால் வரைந்த யானை. அந்தப் பக்கத்திலிருந்து குழந்தை தூக்கத்தில் இருமுகிற சத்தம். அவன் குழலைத் தாழ்த்திக்கொண்டு, நடைவழியாகக் குழந்தையின் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்கிறான். மனைவி போலீசுக்கு டெலிபோன் செய்கிறாள். திருடன் வெள்ளிப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு சாவகாசமாகப் போகிறான்.

பதிப்பாளருக்கு இது பிடிக்கவில்லை. அட்டையில் துப்பாக்கிப் படம் போட்டாகிவிட்டது, உள்ளே ஒரு வெடிகூட இல்லையென்றால் எப்படி என்று குறைபட்டுக்கொண்டார். இருந்தாலும் அச்சிட்டுவிட்டார். முதல் பிரதியை நண்பருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த அத்தியாயத்தை நிதானமாகப் படித்தார். தலையை ஆட்டினார். நானும் எழுந்திருந்தேன்.

"ரொம்ப நன்றாக இருக்கிறது சார். ஒன்றே ஒன்று. ஐந்து வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில், ரிவால்வரை அலமாரியில் பூட்டாமலா வைத்திருந்தான்?"